புலியும் பாடும்: தெமியார் சடங்கும் நம் தோட்டத்துச் சாமியாடியும்

ஹுத்தான் மெலிந்தாங் – மலாய் மொழியில் 'ஹுத்தான்' என்றால் காடு. பெர்ணம் ஆற்றங்கரையில் உள்ள இந்த ஊரின் பெயரில் காடு இருக்கிறது. சுற்றிலும் இருப்பதோ செம்பனை.

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி முழங்க, சாமியாடி அருள் வந்து ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அப்போது இறங்குவது தெய்வம். கருப்பருக்குக் குதிரை, காளிக்குச் சிங்கம், பைரவருக்கு நாய் என்று விலங்கு அந்தத் தெய்வத்தின் வாகனமாக நிற்கிறது. ஆனால், விலங்கின் ஆவியே நேராக வந்து நோய் தீர்க்கும் என்று நம்பும் மக்களும் நம் பேராக் மாநிலத்தில் இருக்கிறார்கள்.

பேராக், கிளந்தான் மலைக்காடுகளில் வாழும் தெமியார் பூர்வக்குடியினர் தங்கள் சடங்கு மருத்துவரை 'ஹாலாக்' என்பார்கள். மரம், மலை, ஆறு, பறவை, விலங்கு ஆகிய எதன் ஆவியும் அவர் கனவில் வரலாம். வந்த ஆவி அவரைத் தந்தையாக ஏற்று, ஒரு பாட்டைக் கற்றுத் தரும். அந்தப் பாட்டுதான் மருந்து. சடங்கு இரவில் பெண்கள் மூங்கில் குழல்களை இடித்துத் தாளமிட்டுப் பின்பாட்டுப் பாடுவார்கள். ஹாலாக் அந்த ஆவியை அழைத்து, நோயாளியை விட்டு விலகிய உயிரைத் தேடிக் கொண்டுவருவார். கிளந்தானில் இம்மக்களோடு தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் மரினா ரோஸ்மேன், 1991-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்த ஆவிகளில் வல்லமை மிக்கது புலி. பழைய மலாய் பாவாங்குகளுக்கும் அப்படித்தான். புலி ஆவி இறங்கிய பாவாங் உறுமியதையும், நோயாளியின் உடலைத் தாய்ப்புலி குட்டியை நக்குவதுபோல் நக்கியதையும் ஸ்கீட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1900-இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்தார்.

ஆக, பாவாங் புலியாகவே மாறுகிறார். தெமியாருக்குப் புலி பிள்ளை முறை. நமக்கு விலங்கு சாமியின் வாகனம். முறைகள் வேறு, ஆனால் மூன்றிலும் மனிதன் தனியாக நோயை எதிர்ப்பதில்லை.

இன்று மலேசியக் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150-க்கும் குறைவு என்று கணக்கிடப்பட்டுள்ளது. பாட்டுத் தரும் மலையும் மரமும் வெட்டுமரத்துக்குப் போகின்றன. 2019-இல் கிரிக் வட்டாரத்தில் தாசிக் சுனெக்ஸ் கிராமத் தெமியார் மக்கள் மரவெட்டை எதிர்த்துப் பாதையில் தடுப்புப் போட்டார்கள். அவர்களுக்கு அது நிலத்தை மட்டும் காக்கும் போராட்டமல்ல. காடு போனால், கனவில் வந்து பாட்டுச் சொல்ல யார் இருப்பார்கள்?

தோட்டம் கைமாறி, லயம் காலியானபோது முனியாண்டியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தவித்தவர்கள் நம்மில் பலர். அந்தத் தடுப்பு எதற்கு என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.