வெயில் ஊருக்கு ஒரு சத்தமில்லாத கணினி

காட்பாடியில் மே மாதம் வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கம். சுற்றிலும் பாறை மலைகள், வறண்ட பாலாறு. பகலில் சுவரில் ஏறிய சூடு ராத்திரி பத்து மணிக்கும் இறங்காது. இந்த ஊரில் பத்து வயதான மேசைக் கணினி ஒன்று எப்படி ஓடும் என்பதை காந்தி நகரிலோ விருதம்பட்டிலோ எந்தத் தெருவிலும் கேட்கலாம். பட்டனை அழுத்தியதும் ஓர் உறுமல். பிரவுசரில் நான்கு பக்கங்கள் திறந்ததும் பேச்சுக்குரலை அமுக்குகிற இரைச்சல். சிஸ்டம் பழசாகிவிட்டது என்று பலரும் முடிவுகட்டி, இன்னும் வேகமான ஒன்றை வாங்கிவருகிறார்கள். வேகத்தோடு சேர்ந்து அது எடுக்கும் மின்சாரமும் கூடிவிடுவதால், அடுத்த கோடையில் அதே இரைச்சல் வந்து நிற்கிறது.

கணினியின் சத்தத்துக்கு வேர், சூடு. உள்ளே போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டைத் துரத்தத்தான் ஃபேன். சூடு கூடினால் ஃபேன் வேகமாகச் சுற்றும், சுற்றினால் இரையும். 2004-ல் வந்த இன்டெல் பென்டியம் 4 பிரெஸ்காட் வகை ப்ராசசர்களில் சில 115 வாட் வரை போயின. அடுத்த ஆண்டு வந்த பென்டியம் டி வரிசையில் அது 130 வாட் ஆனது. அதே இன்டெல் 2023 ஜனவரியில் வெளியிட்ட என்100 என்ற நான்கு கோர் ப்ராசசருக்குக் குறித்திருக்கும் அளவு வெறும் 6 வாட். கடிதம் அடிப்பது, கணக்கு எழுதுவது, யூடியூப் பார்ப்பது, ஆன்லைன் வகுப்பு ஆகியவற்றுக்கு அது தாராளம். குறைந்த செலவில் சத்தமில்லாத கணினி சாத்தியமாகியிருப்பதற்கு முதல் காரணம், சில்லு வடிவமைப்பில் நடந்த இந்த மாற்றம்.

சூட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ப்ராசசரின் மேல் உட்காரும் உலோகத் தகட்டு அடுக்குக்கு ஹீட்சிங்க் என்று பெயர். அது எவ்வளவு நல்லது என்பதை ஒரே எண்ணில் சொல்லலாம்: ஒரு வாட் சூட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது? வாட்டுக்கு அரை டிகிரி ஏறும் ஹீட்சிங்கின் கீழே 65 வாட் ப்ராசசர் முழு மூச்சில் ஓடினால், அது அறை வெப்பத்தைவிட 32 டிகிரிக்குச் சற்று அதிகமாக இருக்கும். 25 டிகிரி ஏசி அறையில் 57, 58 டிகிரி. காட்பாடி மாடி வீட்டின் 40 டிகிரி அறையில் 72, 73 டிகிரி. இன்றைய ப்ராசசர்கள் 95 முதல் 100 டிகிரி வரை தாங்கும், அதை நெருங்கினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே 73 டிகிரியால் ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் மதர்போர்டு அந்தப் பதினைந்து டிகிரி வித்தியாசத்தைப் பார்த்து ஃபேனை விரட்டத் தொடங்கிவிடும். குளிர் நாடுகளில் எழுதப்படும் வழிகாட்டிகள் 20, 22 டிகிரி அறையை மனதில் வைத்தவை. ஃபேனே இல்லாத பெட்டியை அவை தாராளமாகச் சிபாரிசு செய்யும். அந்தச் சிபாரிசை நம் கோடைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஃபேன் விஷயத்தில் இயற்பியல் நமக்கு ஒத்தாசையாக இருக்கிறது. ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபெல் இறங்கிவிடும். 10 டெசிபெல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்றும். அதனால் காற்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அமைதியில் நிறையக் கிடைக்கும். விட்டுக்கொடுத்த காற்றைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. ஒரே வடிவ ஃபேன்களில் தள்ளும் காற்றின் அளவு விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 80 மில்லிமீட்டர் ஃபேன் நிமிடத்துக்கு 2000 சுற்றில் தரும் காற்றை, 120 மில்லிமீட்டர் ஃபேன் ஏறக்குறைய 600, 700 சுற்றிலேயே தந்துவிடும். அந்த வேகத்தில் நல்ல ஃபேன் ஒன்று ஓடுவதைக் காதை அருகில் வைத்தால்தான் உணர முடியும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஆண்டின் பெரும்பகுதி சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் சத்தத்துக்குக் கீழே கணினியைக் கொண்டுவந்துவிட்டால் போதும். அதற்கும் கீழே போகச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் மார்கழி இரவுகளுக்கு மட்டுமே பயன்படும். நம்மைத் தொந்தரவு செய்வது சிறிய ஃபேன்களின் கீச்சுக் குரலும், ஏறி ஏறி இறங்கும் வேகமும்தான். ஒரே சீராக ஓடும் தாழ்ந்த ஒலியைக் காது சீக்கிரமே மறந்துவிடும்.

ஃபேனுக்கு அடுத்த குற்றவாளி ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் விநாடிக்கு 120 அதிர்வு. இது கேபினெட்டின் தகரம் வழியாக மேசைக்கு இறங்கி, அங்கிருந்து ஒரு ரீங்காரமாக எழும். எஸ்எஸ்டி-யில் அசையும் பாகமே கிடையாது. பழைய கணினிக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால், எஸ்எஸ்டி போடுங்கள் என்பேன். சத்தமும் போகும், மந்தமும் போகும்.

இனி புதிதாக ஒன்றைக் கட்டுவது. காட்பாடிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சுமார் 130 கிலோமீட்டரில் சென்னையும் ரிச்சி தெருவும், மறுபக்கம் ரயிலேறினால் பெங்களூரின் எஸ்.பி. ரோடும் இருக்கின்றன. இரண்டு சந்தைக்கும் காலையில் போய் இரவில் திரும்பிவிடலாம். கிராஃபிக்ஸ் வசதி உள்ளேயே அமைந்த ப்ராசசரைக் கேளுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் அதோடு இன்னும் இரண்டு சின்ன ஃபேன்களும் வீட்டுக்கு வரும். ஆறு கோர் உள்ள ஏஎம்டி ரைசன் 5 5600ஜி 65 வாட். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் அதை 45 வாட்டுக்கு இறக்கிக்கொள்ளவும் பல போர்டுகள் இடம் தருகின்றன, அன்றாட வேலையில் வித்தியாசமே தெரியாது. இன்டெல் பக்கம் கோர் ஐ3 12100 போதும், அடிப்படை அளவு 60 வாட். பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் இருக்காது. விலை சற்றுக் குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டு, திரை எரியாமல் தவிப்பவர்கள் உண்டு. ப்ராசசரோடு பெட்டியில் வரும் சின்ன ஃபேனைக் கழற்றி வைத்துவிட்டு, 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள கோபுர வகைக் கூலரைப் போடுங்கள். அதன் உயரம் 155 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கேபினெட்டின் அகலம் அதற்கு இடம் தருகிறதா என்று அளந்துகொண்டே வாங்க வேண்டும்.

பணத்தை எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது என்று கேட்டால், பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்-இல். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் அதிகம் சூடாகும், இரையும், மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது மற்ற பாகங்களையும் கூட்டிக்கொண்டு போய்விடும். மேலே சொன்ன சிஸ்டம் முழு வேகத்திலும் 150 வாட்டைத் தொடுவது அரிது. 80 பிளஸ் முத்திரை பெற்ற 450 வாட் எஸ்எம்பிஎஸ் அந்தச் சுமையில் அலட்டிக்கொள்ளாது, அதன் ஃபேனும் மெதுவாகவே சுற்றும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் கேபினெட்டின் வண்ண விளக்கும் கண்ணாடியும். முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த கேபினெட்டுக்குள் காற்று எப்படிப் போகும்? வலைபோட்ட முன்பக்கம், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக 120 மில்லிமீட்டர் ஃபேன், அவ்வளவு போதும். மெமரி விலை 2025-ன் கடைசியிலிருந்து கடுமையாக ஏறிவிட்டதால், பழைய சிஸ்டத்தில் டிடிஆர்4 ரேம் இருந்தால் அதையே எடுத்துப் போடும்படி போர்டைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

தூசி இந்தப் பகுதிக்கே உரிய பிரச்சினை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் வட்டாரத்தில் பில் போடவும் சரக்குக் கணக்கு வைக்கவும் ஓடும் கணினிகளை நினைத்துப்பாருங்கள். தோலைத் தேய்த்து மெருகேற்றும் பஃபிங் வேலையில் எழும் மெல்லிய துகள், எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து ஹீட்சிங்கின் இடுக்குகளில் படியும். முடி நீக்கப் பயன்படும் சல்ஃபைடு, அமிலம் படும் இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக வெளியேறும். அந்த வாயு செம்பையும் வெள்ளியையும் அரிக்கக்கூடியது, ஒரு மதர்போர்டில் இரண்டும் இருக்கின்றன. உள்ளே எவ்வளவு காற்று போகிறதோ அவ்வளவு தூசியும் வாயுவும் போகும். எனவே காற்று குறைவாகத் தேவைப்படும் குறைந்த வாட் கணினி அமைதியாக ஓடுவதோடு, அதிக நாள் உழைக்கவும் செய்கிறது. தோல் பட்டறை அலுவலகத்துக்கு ஃபேன் இல்லாத என்100 பெட்டிகளை நான் தயங்காமல் சொல்வேன். கோடையைப் பற்றி முன்னே சொன்ன எச்சரிக்கை 65 வாட் ப்ராசசர்களுக்கு. 6 வாட்டை ஓர் அலுமினியப் பெட்டியே வெளியேற்றிவிடும், அதை மூடிய அலமாரிக்குள் வைக்காத வரை.

நம் வெயிலுக்கும் தூசிக்கும் ஏற்ற கணினி வேண்டும் என்பதை மற்றவர்களும் முன்பே யோசித்திருக்கிறார்கள். 2006 மார்ச்சில் இன்டெல் பெங்களூரில் அறிமுகப்படுத்திய கம்யூனிட்டி பிசி, இந்தியக் கிராமங்களின் இணைய மையங்களுக்காக வடிவமைக்கப்பட்டது. 45 டிகிரி வெப்பம் தாங்கும், தூசி வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், கரண்ட் போனால் கார் பேட்டரியில் ஓடும். அதே காலத்தில் சென்னையில் ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா உள்ளிட்டோர் தொடங்கிய நோவேஷியம் நிறுவனம் நோவா நெட்பிசி என்ற எளிய பெட்டியைக் கொண்டுவந்தது. அதில் ஹார்ட் டிஸ்க் இல்லை, கனமான வேலையெல்லாம் தொலைவிலுள்ள சர்வரில் நடக்கும். இரண்டுமே பரவலாக வேரூன்றவில்லை. ஆனால் அவை தேடிய குறைந்த மின்சாரமும் எளிய பராமரிப்பும் இன்று எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண விஷயங்கள்.

கையில் பணம் குறைவு என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் கழித்துக்கட்டும் டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவா திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி போன்ற சின்னப் பெட்டிகள் செகண்ட் ஹேண்டில் வருகின்றன. இவற்றில் பெரும்பாலும் 35 வாட் ப்ராசசர் இருக்கும். வாங்கும்போது எட்டாம் தலைமுறை இன்டெல்லா அல்லது அதற்குப் பிந்தியதா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் அந்தத் தலைமுறை ப்ராசசரும் தேவை. டாலிபோல விண்டோஸை நம்பிய மென்பொருள் தேவையில்லாதவர்கள் லினக்ஸுக்குப் போகலாம். தமிழ்99 விசைப்பலகை அதில் நன்றாக வேலை செய்கிறது, லிப்ரே ஆஃபிஸும் தமிழ் இடைமுகத்தோடு கிடைக்கிறது.

மின்கட்டணத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பழைய சிஸ்டத்தைவிடப் புதியது 60 வாட் குறைவாக எடுத்தால், தினம் எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்ற கணக்கில் 144 யூனிட் மிச்சம். நான்கைந்து கணினி ஓடும் அலுவலகத்துக்கு இது கண்ணில் தெரியும் தொகை.

வைக்கும் இடம் தவறினால் இத்தனையும் வீண். நம் வீடுகளில் கம்ப்யூட்டர் டேபிளுக்குக் கீழே கதவு போட்ட ஓர் அறை இருக்கும், கேபினெட்டை அதற்குள் தள்ளி சுவரோடு ஒட்டிவிடுவார்கள். வெளியேறிய சூடான காற்றையே அது திரும்ப உறிஞ்சும். கதவைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தரையில் வைக்காமல் சற்று உயர்த்துங்கள்.

புதிது வாங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். ப்ளோயரால் தூசியை ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். ப்ராசசரின் மேல் காய்ந்துபோன, சூடு கடத்தும் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். பயாஸில் ஃபேன் வேகத்தை நிதானமான அளவுக்கு வையுங்கள். சித்திரைக்கு முன்பே செய்து முடியுங்கள். அதன் பிறகும் மே மாதப் பகலில் சீலிங் ஃபேனை மீறி அது கேட்டால், அப்போது புதிய சிஸ்டத்துக்குச் செலவு செய்யலாம்.