இரண்டு பூச்சியங்கள்: சுன்னாகத்துச் சலூனில் ஒரு ஹெவிவெயிட் வாக்குவாதம்

2025 ஜூலை 20ஆம் திகதி அதிகாலை இரண்டேகால் மணி தாண்டியும் நான் கைத்தொலைபேசியுடன் விழித்திருந்தேன். லண்டன் வெம்பிளி மைதானத்தில் அப்போது சனிக்கிழமை இரவு. உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கும் பிரித்தானியாவின் டானியல் டுபுவாவும் மோதிய சண்டை ஐந்தாம் சுற்றில் முடிந்தது. டுபுவாவால் எழும்ப முடியவில்லை. அடுத்த நிமிடமே லண்டனில் இருந்து அண்ணாவின் அழைப்பு வந்தது.

காலையில் சந்தைப்பக்கம் முடிவெட்டப் போனால் அங்கும் அதே கதைதான்.

"உசிக்குக்கு முப்பத்தெட்டு வயசு அண்ணை. இட்டாவுமா வந்தால் மூண்டு ரவுண்ட் தாங்காது" என்றான் ஒரு பொடியன்.

"ஆரடாப்பா அவன்? ஆரோட அடிபட்டவன்?" என்றார் கத்தரிக்கோலுடன் நின்ற சலூன்காரர்.

அந்தக் கேள்வி ஓகஸ்ட் 16க்குப் பிறகு இன்னும் சூடாகியது. அன்று றியாத்தில் மோசஸ் இட்டாவுமா, டிலியன் வைட்டை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். இட்டாவுமாவுக்கு அப்போது இருபது வயது. தந்தை நைஜீரியர், தாய் ஸ்லோவாக்கியர். ஸ்லோவாக்கியாவில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு வந்து கென்ட் மாவட்டத்தில் வளர்ந்தவர். வைட்டுடன் சேர்த்து 13 சண்டை, 13 வெற்றி, அவற்றில் 11 நொக் அவுட். தோல்விக் கட்டத்தில் பூச்சியம்.

உசிக்கின் தோல்விக் கட்டத்திலும் பூச்சியம்தான். ஆனால் இரண்டும் ஒரே பூச்சியம் அல்ல. சலூனில் நான் சொல்ல முயன்று, சத்தத்தில் சொல்ல முடியாமற் போனது இதுதான்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் வளரும் ஒருவருக்கு எதிராளியைத் தெரிவு செய்வது பெரும்பாலும் அவரது ஏற்பாட்டாளரே. முதலில் தோற்கக்கூடியவர்கள், பிறகு வயதானவர்கள், பிறகு ஒரு காலத்தில் பெயர் இருந்தவர்கள். இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். பயிற்சியே அப்படித்தான். இட்டாவுமாவை முழுச் சுற்றுகளும் தாக்குப்பிடித்தவர்கள் இருவர் மட்டுமே, அவையும் ஆறு சுற்றுச் சண்டைகள். வைட்டுக்கு அப்போது வயது 37. பொடியனின் கை வேகம் பொய்யில்லை. ஆனால் ஒன்பதாம் சுற்றில் மூச்சு வாங்கும்போது என்ன செய்வார் என்பதற்கு அந்த 13 சண்டைகளிலும் பதில் இல்லை.

உசிக்கின் பூச்சியமோ அன்ரனி ஜோசுவாவை இரண்டு தடவை, டைசன் பியூரியை இரண்டு தடவை, டுபுவாவை இரண்டு தடவை கடந்து வந்தது. 2024 மே 18 அன்று பியூரியை வென்றபோது, 1999இல் லெனொக்ஸ் லூயிஸுக்குப் பிறகு ஹெவிவெயிட்டின் எல்லாப் பட்டங்களையும் ஒருசேர வைத்திருந்த முதல் ஆள் ஆனார். அந்த வெற்றி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று நடுவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளி போடுவார்கள்: வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9. ஒருவர் விழுந்தாலோ, கயிற்றில் சாய்ந்து நின்று மத்தியஸ்தர் எண்ணத் தொடங்கினாலோ அவருக்கு 8. ஒன்பதாம் சுற்றில் பியூரிக்கு அப்படி எண்ணப்பட்டது. இறுதிப் புள்ளிகள் உசிக்குக்கு 115-112, 114-113, பியூரிக்கு 114-113. எண்ணிக்கையால் போன அந்த ஒரு புள்ளியைப் பியூரிக்குத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். சண்டை சமநிலை.

இந்தப் பிரிவில் ஆரூடம் சொல்வது கஷ்டம் என்பதற்கு இன்னொரு காரணம் நிறை. 200 இறாத்தலுக்கு மேல் எவ்வளவும் இருக்கலாம், உச்ச எல்லை கிடையாது. மற்றப் பிரிவுகளில் பின்தங்கியவர் புள்ளிகளைத் துரத்த வேண்டும். இங்கே ஒரு குத்துப் போதும். 2025 ஜூனில் பேபியோ வார்ட்லி மூன்று நடுவர்களிடமும் பின்தங்கியிருந்து பத்தாம் சுற்றில் ஜஸ்டிஸ் ஹூனியை விழுத்தினார். ஒக்டோபரில் ஜோசப் பார்க்கரைப் பதினோராம் சுற்றில் நிறுத்தினார். அமெச்சூர் அனுபவமே இல்லாமல், அலுவலக வேலையில் இருந்தபடி களமிறங்கியவர் வார்ட்லி. எந்த ஆரூடக்காரரும் அவரைப் பட்டியலின் மேலே வைக்கவில்லை.

டுபுவாவையும் குறைத்து மதிக்க முடியாது. 2020இல் கண் குழி எலும்பு உடைந்து முழங்காலிட்டபோது 'கைவிட்டவன்' என்று எழுதினார்கள். நான்கு வருடங்களில் அதே வெம்பிளியில் ஜோசுவாவை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தியவரும் அவரே.

ஆனால் சலூனில் வாக்குவாதம் உண்மையில் முறுகியது புள்ளிகளில் அல்ல.

"நாட்டில சண்டை நடக்கேக்க வெளியில போய்க் காசுக்கு அடிபட்டவன்தானே உசிக்" என்றார் மூலைக்கதிரையில் இருந்த ஐயா ஒருவர். "இங்க அப்பிடி ஓடினவையை நாங்கள் பாக்கேல்லையே?"

நடந்தது இதுதான். 2022 பெப்ரவரியில் போர் தொடங்கியபோது உசிக் வெளிநாட்டில் இருந்தார். திரும்பிப் போய்க் கீவ் பிராந்தியப் பாதுகாப்புப் படையில் சேர்ந்தார். பிறகு ஜோசுவாவுடனான மறுசண்டைக்காக அனுமதி பெற்று வெளியேறினார். தனக்கு மனமில்லை என்றும், வைத்தியசாலையில் காயப்பட்டிருந்த படையினரே போகச் சொன்னார்கள் என்றும் கூறியிருக்கிறார். கீவுக்கு அருகே இருந்த அவரது வீட்டுக்குள் ரஷ்யப் படையினர் புகுந்திருந்தனர். அந்த ஓகஸ்ட் 20இல் ஜெத்தாவில் வென்றார். உக்ரைன் மக்கள் அச்சண்டையை இலவசமாகப் பார்க்கவும் ஏற்பாடு செய்திருந்தார்.

இவ்வளவையும் ஐயாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய மகன் திரும்பி வராதவன் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

என் அண்ணா வெளியேறியது 1996இல். 95 ஒக்டோபர் இடப்பெயர்வில் தென்மராட்சிக்கு நடந்து, அடுத்த வருடம் நாங்கள் சுன்னாகம் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பதினேழு வயதுப் பொடியனை வைத்திருக்க அம்மா பயந்தார். காணி ஈடுவைத்து அனுப்பினோம். இன்றைய கூரை அண்ணாவின் காசு. ஊரில் அவரையும் 'ஓடினவன்' என்றவர்கள் இருக்கிறார்கள். அவர் அதைக் கேட்டாரா என்று நான் கேட்டதில்லை.

வைட் விழுந்த இரவும் அண்ணாதான் முதலில் எடுத்தார். உசிக்கின் ஆளாக இருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. "இந்தப் பொடியன் சின்னனில இங்க வந்தவனடா, தெரியுமோ?" என்றார். அவன் இன்னும் பத்துச் சுற்றுப் பார்க்கவில்லை என்று சொன்னேன். "பாக்கட்டும், அவசரம் என்ன" என்றார்.