பட்டாளத்தார்

போர் என்றவுடன் படைத்தலைவர்தம் பெயர்களே நம் நினைவிற்கு வருகின்றன. அவர்தம் ஆணையைத் தலைமேற்கொண்டு சேற்றிலும் காட்டிலும் உழைத்த எளிய வீரரின் வாழ்வை அறிவார் சிலரே. இரண்டாம் உலகப்போரில் பணிபுரிந்த அத்தகைய வீரரின் வாழ்வு எத்தன்மைத்து என்பதைக் காண்போம்.

1939 முதல் 1945 வரை நிகழ்ந்த அப்போரில், இந்தியப் படையில் 25 இலட்சம் பேர் பணிபுரிந்தனர். இந்தியருக்குக் கட்டாய ஆட்சேர்ப்பு இல்லை. ஆயினும், மழை பொய்த்த நிலமும் வீட்டு வறுமையும் பலரைப் படைக்கு அனுப்பின. பசியும் ஒருவகைக் கட்டாயமே அன்றோ?

தமிழர் பலர், பெங்களூரில் இருந்த சென்னைப் பொறியாளர் படையிற் சேர்ந்தனர். 1780-இல் தோன்றிய அப்படையின் வீரருக்குத் ‘தம்பி’ என்பதே செல்லப்பெயர். சாலை அமைத்தலும், பாலம் கட்டுதலும், பகைவர் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றுதலும் அவர்தம் தொழில்கள். படை செல்லுதற்கு முன்னரே வழியைச் செம்மை செய்வோர் ஆதலின், இடர் முதற்கண் அவரையே சார்ந்தது. 1944-இல் இத்தாலியில், மிதிபட்டு வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் வீழ்ந்து, உடன்வந்தோரைக் காத்துத் தம்முயிர் ஈந்தார் சுபேதார் சுப்பிரமணியன். அவர் மறைந்தபின் ஜார்ஜ் சிலுவை விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

பர்மாப் போர்முனை மிகக் கொடியது. 1942-இல் அந்நாடு ஜப்பானியர் வசமானபோது, அங்கு வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா வந்தனர். அவர் உயிர்தப்பி வந்த காடுகளுக்குள் இவ்வீரர் புகுந்தனர். அங்கே குண்டினும் கொடிது காய்ச்சல். 1943-இல் காயமுற்று அகற்றப்பட்டவர் ஒருவர் எனின், நோயுற்று அகற்றப்பட்டவர் 120 பேர். மலேரியாவைத் தடுக்க உட்கொண்ட மெபக்ரின் மாத்திரையால் வீரர்தம் மேனி மஞ்சள் நிறம் எய்தியது. இத்துணை இடர்களுக்கிடையே, 1944 டிசம்பரில் சிந்த்வின் ஆற்றின்மேல் 1,154 அடி நீளமுள்ள மிதவைப் பாலத்தைப் பொறியாளர் படையினர் அமைத்தனர்.

வீட்டிலிருந்து வரும் கடிதமே வீரருக்கு ஆறுதல். எழுத்தறியாதார் தோழரைக் கொண்டு மறுமொழி எழுதுவித்தனர். கடிதங்கள் தணிக்கை செய்யப்பட்டமையால், கண்டதையெல்லாம் எழுதுதல் இயலாது. ‘நலம்’ என்னும் ஒரு சொல்லில் துயரனைத்தும் அடங்கின.

போர் முடிந்ததும் படை குறைக்கப்பட்டது. போர்க்காலத்தில் மட்டும் பணிபுரிந்தோர் பதக்கமும் சிறுதொகையும் பெற்று ஊர் திரும்பினர். பணியாண்டுகள் நிறையாமையின், அவருட் பலர்க்கு ஓய்வூதியம் கிட்டவில்லை. விடுதலைக்குப் போராடியவரைப் போற்றிய நாடு, அயலாட்சியின் படையில் உழைத்த இவரைப் பெரிதும் நினைத்திலது. அவரோ குறைகூறாது ஏரைப் பிடித்தார். ஊரார் அவரைப் ‘பட்டாளத்தார்’ என்றழைத்தனர். அப்பெயர் ஒன்றே பலருக்கு எஞ்சிய சிறப்பு.

பர்மாவிலேயே மாண்டு, கல்லறையும் இன்றிப் போனோர் ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவருட் பெரும்பாலார் இந்தியர். உயிருடன் மீண்டவருக்கோ அத்தகைய கல்லும் இல்லை.

மாணவர்களே! உங்கள் ஊரில் ‘பட்டாளத்தார் வீடு’ என ஒன்று இருப்பின், அவ்வீட்டு முதியோரை அணுகி அவர் வரலாற்றைக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அதுவே நாம் அவர்க்குச் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.