ஆர்க்கிட் வளர்ப்போர் அறிய வேண்டிய சில சொற்கள்

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அடுக்ககச் சன்னல் கம்பிகளில் துளசிக்கும் கற்றாழைக்கும் அருகே இப்போது ஆர்க்கிட் தொட்டிகளும் தொங்கக் காண்கிறோம். மும்பையின் ஈரக்காற்று இச்செடிக்கு ஏற்றதே. ஆயினும் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கியது முதல் மழைக்காலத்திலேயே அழுகிப் போவதும் உண்டு. செடியைப் பற்றிய சில சொற்களின் பொருளை அறிந்திருந்தால் இவ்விழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

நாம் வாங்கும் ஆர்க்கிட்டுகளில் மிகுதியானவை தொற்றுத் தாவரங்கள். இவை மரக்கிளையில் இடம் மட்டும் பெற்று, மழைநீரையும் மட்கிய இலைச்சத்தையும் கொண்டு வாழ்பவை. மரத்தின் சாற்றை உறிஞ்சும் புல்லுருவி வேறு, இவை வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் பழையது. 'வாண்டா' என்னும் பெயரே புல்லுருவி போன்றவற்றைக் குறித்த சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்ததுதான். மரத்தில் வாழும் இச்செடிகளுக்குத் தோட்டத்து மண் உதவாது. கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றில் நட வேண்டும். கடைக்காரர் 'மீடியா' என்பது இவற்றைத்தான். மட்டை நீரை நெடுநேரம் பிடித்து வைக்கும். ஆதலால் ஜூலை மாதத்து மும்பைக்குக் கரியே மேல் என்பது என் கருத்து.

வெலாமன் என்பது பள்ளித் தாவரவியலில் மதிப்பெண்ணுக்காகப் படித்து நம்மில் பலர் மறந்துவிட்ட சொல். வேரைப் போர்த்தியிருக்கும் பஞ்சு போன்ற உறை அது. அதன் முதிர்ந்த செல்கள் உயிரற்றவை. அவற்றில் காற்று நிறைந்திருக்கும்போது வேர் வெள்ளி போல் வெளுத்துத் தோன்றும். நீர் புகுந்ததும் உள்ளிருக்கும் பச்சை வெளித்தெரியும். எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் ஊற்றுவது என்று கேட்போருக்கு விடை நாட்காட்டியில் இல்லை, வேரில் இருக்கிறது. வெளுத்திருந்தால் ஊற்றலாம், பச்சையாயின் காத்திருக்கலாம். பழுப்பேறி விரலுக்கு நசுங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது. தொட்டிக்கு வெளியே நீளும் வேரை அழகுக்காக வெட்டுவோரும் உளர், அது வேண்டாம்.

டென்ட்ரோபியம், கேட்லியா முதலியவற்றில் தடித்துக் காணப்படும் தண்டுக்குப் போலிக்குமிழ் என்று பெயர். நீரும் உணவும் அதில் சேமிக்கப்படுகின்றன. வங்கியில் பணிபுரிபவனுக்குச் சேமிப்புக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. அதில் சுருக்கம் விழுந்தால் இருப்புக் குறைகிறது என்று பொருள். இலை உதிர்ந்த பழைய தண்டு புதிய தளிருக்கு உணவளிப்பதால், அது காயும் வரை அறுக்கலாகாது. இத்தகைய செடிகள் பக்கவாட்டில் நகர்ந்து வளர்பவை; சிம்போடியல் என்பர். பழைய தண்டு தொட்டியின் விளிம்பை ஒட்டியிருக்குமாறு நட்டால் புதியவற்றுக்கு இடம் கிடைக்கும். ஒரே தண்டாக மேல்நோக்கி வளர்பவை மோனோபோடியல். வாண்டாவும் ஃபலனாப்சிஸும் இவ்வகை. இவற்றுக்குப் போலிக்குமிழ் இல்லாமையால் நெடிய வறட்சியைத் தாங்கா. வெயில் குறைந்த தாராவிச் சந்து வீட்டின் சன்னலுக்கு ஃபலனாப்சிஸ் பொருந்தும். வாண்டாவுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும்.

தண்டின் கணுவில் முளைக்கும் குட்டிச்செடியைக் கெய்கி என்பர். ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள். அதற்கென வேர்கள் சில அங்குலம் நீண்ட பிறகே பிரித்து நட வேண்டும்.

விலைச்சீட்டில் காணும் சொற்கள் பணத்தோடு தொடர்புடையவை. 'சீட்லிங்' என்பது விதையிலிருந்து வளர்ந்த நாற்று. விலை குறைவு, ஆனால் பூவுக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். 'மெரிக்ளோன்' என்பது ஒரு தாய்ச்செடியின் திசுவிலிருந்து எடுத்த நகல். தாயின் பூவையே பெரும்பாலும் எதிர்பார்க்கலாம். 'புளூமிங் சைஸ்' என்பது பூக்கும் பருவத்தை எட்டிய செடி. 'நியர் புளூமிங் சைஸ்' என்பது அதற்குச் சற்று முந்தையது. இதில் முதிர்வுத் தேதி உறுதியன்று. முதல்முறை வாங்குவோர் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தேனும் பூக்கும் பருவச் செடியை வாங்குவது நன்று.

சஹ்யாத்ரிக் காடுகளில் சரமாகத் தொங்கும் ஆர்க்கிட் பூங்கொத்தை மராத்தியர் 'சீதேச்சி வேணி', அதாவது சீதையின் கூந்தற்சரம், என்று அழைக்கின்றனர். அத்தகைய காட்டுச் செடிகளைப் பெயர்த்து வந்து விற்பவர்களிடம் வாங்கலாகாது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளது. காட்டுச் செடிகளைக் காண விரும்புவோர் கோடை விடுமுறையில் சேலம் வழியாக ஊர் செல்லும்போது, ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் நடத்தும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குச் சென்று வரலாம்.