சைக்கிளில் வேகமும் தாங்கும் திறனும்

மும்பைக்கும் புனேக்கும் இடையிலான சைக்கிள் பந்தயம் 1945-ஆம் ஆண்டில் தொடங்கியதாகும். வழியிலுள்ள போர்காட் கணவாயின் ஏற்றத்தை முதலில் கடப்பவருக்குக் ‘கணவாயின் ராஜா’ என்னும் பட்டம் வழங்குவது அதன் மரபு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டி பிற்காலத்தது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அது முதன்முதலாக இடம்பெற்றது. அதில் நீச்சல் 1.5 கிலோமீட்டர், சைக்கிள் 40 கிலோமீட்டர், ஓட்டம் 10 கிலோமீட்டர். மொத்தத் தூரத்தில் முக்கால் பங்கிற்கு மேல் சைக்கிளுக்கே உரியதாதலின், அதில் பலத்தை வீணாக்கியவர் ஓட்டத்தில் தளர்ந்துவிடுவார்.

காற்றின் தடை

சமதளத்தில் விரைந்து செல்பவர் பெரும்பாலும் காற்றையே எதிர்க்கிறார். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தை 30 ஆக உயர்த்தினால் வேகம் ஒன்றரை மடங்கே ஆகிறது. ஆனால் காற்றை வெல்லத் தேவைப்படும் ஆற்றலோ ஏறத்தாழ 3.4 மடங்காகிறது. முழங்கையை மடக்கி, உடலைச் சற்றுத் தாழ்த்தி அமர்ந்தால், பலத்தைக் கூட்டாமலே வேகம் கூடும். ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றைவிட எடையே பெருந்தடையாகிறது.

உடலில் நிகழும் மாறுதல்

மிதமாக நெடுநேரம் மிதித்துப் பழகினால், தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்களும், பிராணவாயுவைக் கொண்டு சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தைச் செலுத்துகிறது. நாள்தோறும் மூச்சு வாங்க மிதிப்பவருக்கோ முதற் களைப்பு நீங்குமுன் மறு களைப்பு சேர்கிறது. தேர்ந்த வீரர்களும் தம் பயிற்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை மிதமாகவே செய்கின்றனர்.

பயிற்சி முறை

தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் சாலைகள் பெரும்பாலும் சமதளமானவை. விடியற்காலையில் நெரிசலும் குறைவு. புதியவருக்கு வாரத்தில் மூன்று நாள் போதும்.

முதல் நாள்: தடையின்றிப் பேசக்கூடிய அளவில் 45 நிமிடம்.

இரண்டாம் நாள்: உடலைச் சூடேற்றியபின் மூன்று நிமிடம் விரைவாகவும் மூன்று நிமிடம் மெதுவாகவும் நான்கு முறை.

மூன்றாம் நாள்: மிதமாக ஒரு மணி நேரம், வாரந்தோறும் பத்து நிமிடம் கூட்டி, நான்காம் வாரத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும். இறங்கியவுடன் பத்து நிமிடம் மெதுவாக ஓடிப் பழகுவது நலம்.

கடினமான கியரை அழுத்துவதைவிட, இலேசான கியரில் நிமிடத்திற்கு 80 முதல் 90 சுற்று மிதிப்பது முழங்காலுக்கு ஏற்றது. தலைக்கவசம் இன்றியமையாதது.

வெப்பத்தினால் வரும் ஆபத்து

தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழக் கால் பங்கே மிதியைச் சேர்கிறது, எஞ்சியது வெப்பமாகிறது. மும்பையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராமையால் உடல் குளிர்வதும் தடைப்படுகிறது. தலைச்சுற்றலோ மனக்குழப்பமோ தோன்றினால் உடனே பயிற்சியை நிறுத்தி, நிழலில் கிடத்தி, நீரால் உடலை நனைத்து விசிறி, மருத்துவ உதவியை நாட வேண்டும்.

முன்னேற்றத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மாதம் ஒருமுறை, காற்று அடங்கிய காலையில், அதே சாலையில், தடையின்றிப் பேசக்கூடிய அதே அளவில் மிதித்து நேரத்தைக் குறிக்குமாறு ஆசிரியர் மாணவரைப் பழக்கலாம். சிரமம் கூடாமல் நேரம் குறைந்தால், பயிற்சி பலித்தது என்று கொள்ளலாம்.