ஒரு நாளுக்கு எத்தனை சொல் வேண்டும்?

"இத்தனை சொல்லையும் எப்படித்தான் மனசில் நிறுத்துவது?" நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மன் படிக்கும் பெண் இதைத்தான் கேட்கிறாள். டிப்ளமோ முடித்துவிட்டு ஜப்பானுக்குத் தயாராகும் பையனும் இதையேதான் கேட்கிறான். வடலூர் நாலுமுனைச் சந்திப்பின் டீக்கடைகளிலும் நெய்வேலி டவுன்ஷிப் பிளாக்குகளிலும் பி1, என்4 என்ற பேச்சு இப்போது சாதாரணமாகக் காதில் விழுகிறது. கேள்வி நியாயமானது. பதிலும் இருக்கிறது, ஆனால் ஒரே வரியில் சொல்லி முடிக்கக் கூடியதல்ல. டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகக் கேளுங்கள்.

முதலில் அளவைத் தெரிந்துகொள்வோம். பயத்தில் பாதி, அளவு தெரியாததால் வருவது. ஜெர்மன் மொழியின் முதல் படியான ஏ1-க்கு கதே நிறுவனம் வெளியிட்டிருக்கும் பட்டியலில் சுமார் 650 சொற்கள் இருக்கின்றன. பி1-க்கு வரும்போது அது சுமார் 2,400 ஆகிறது. ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு பெறப் பெரும்பாலும் அதற்கும் மேலே பி2 கேட்பார்கள். ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 அடிப்படி, என்1 உச்சி. முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளுக்காக 2019 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்த தனித்திறன் விசாவுக்கு என்4 அல்லது அதற்கு இணையான தேர்வில் தேற வேண்டும்.

நாளைக்குப் பத்துச் சொல் என்று வைத்துக்கொண்டால் 2,400 சொல்லுக்கு எட்டு மாதம். காகிதத்தில் கணக்கு சரியாக வருகிறது. நடைமுறையில் மூன்றாவது வாரமே முதல் வாரத்துச் சொற்கள் காணாமல் போகின்றன. படிக்கிறவருக்கு மூளை மந்தம் என்று இதற்குப் பொருளில்லை. சொல்லை எங்கிருந்து எடுக்கிறோம், எதோடு சேர்த்து வைக்கிறோம், எப்போது திருப்பிப் பார்க்கிறோம் என்ற மூன்றும் சரியாக இல்லை என்பதுதான் காரணம். மூன்றையும் சரியாகச் செய்த ஒருவர் நம் கரையிலேயே இருந்தார். அவர் படித்தது நம் மொழியை.

கடலூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்களின் கோட்டை இருந்த அந்த ஊரில் 1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்க் என்ற ஜெர்மானியர் வந்து இறங்கினார். வயது இருபத்து நான்கு நிறைய ஒரு நாள் பாக்கி. தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. படிக்க ஏற்ற அகராதி கையில் இல்லை. அவர் ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தேடிப் பிடித்து, பள்ளிக்கூடத்தைத் தம் வீட்டிலேயே நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். இரண்டு ஆண்டுக்குள் சுமார் 20,000 தமிழ்ச் சொற்களைத் தொகுத்தார். ஒரு பத்தியில் தமிழ் எழுத்தில் சொல், அடுத்ததில் ஐரோப்பிய எழுத்தில் ஒலிப்பு, மூன்றாவதில் ஜெர்மன் பொருள். 1716-ல் அவருடைய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகி வந்தது.

எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவருடைய நாளைப் பாருங்கள். 1708-ல் எழுதிய கடிதத்தில் அதை அவரே விவரித்திருக்கிறார். காலை ஏழிலிருந்து எட்டு மணிவரை, முன்பே கற்று எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. எட்டு மணிக்குப் பிறகுதான் புதிய ஏடுகளைத் திறப்பது. அப்போது பக்கத்தில் ஒரு புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். புரியாததைப் புலவர் விளக்குவார், புதிய சொல் வந்தால் எழுத்தர் குறித்துக்கொள்வார். பழையது முதலில், புதியது பிறகு, பக்கத்தில் பேச ஓர் ஆள். முந்நூறு ஆண்டு கழித்தும் இதைவிட நல்ல கால அட்டவணை எனக்குத் தெரிந்து இல்லை.

பழையது ஏன் முதலில் வர வேண்டும் என்பதை ஆராய்ந்து காட்டியவரும் ஒரு ஜெர்மானியரே. ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் நூலாக வெளியிட்டார். மறதி படித்த முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கிறது; பிறகு மெதுவாகிறது. ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது மனத்தில் நிற்கிறது. இதைச் சாதாரண மக்களின் கையில் கொடுத்தவர் செபாஸ்டியான் லைட்னர். 1972-ல் வெளிவந்த அவருடைய நூல் ஓர் அட்டைப் பெட்டி முறையைச் சொல்கிறது.

ஐந்து அறை உள்ள பெட்டி ஒன்று வேண்டும், பழைய செருப்புப் பெட்டியே போதும். சிறு அட்டையின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஜெர்மன். புதிய அட்டை முதல் அறையில் போகும். தமிழைப் பார்த்து ஜெர்மன் சரியாகச் சொன்னால் அட்டை இரண்டாம் அறைக்கு ஏறும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். தெரிந்த சொல்லில் நேரம் வீணாகாது, தெரியாத சொல் தப்பிக்காது. கைபேசியில் பலரும் வைத்திருக்கும் 'அங்கி' செயலியும் இந்த இடைவெளி முறையில்தான் வேலை செய்கிறது. அந்தப் பெயர் ஜப்பானியச் சொல். மனப்பாடம் என்று பொருள்.

இனி, எதோடு சேர்த்து வைப்பது என்பது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஜெர்மனில் பெயர்ச்சொல் தனியாக நடமாடாது. டேர், டீ, டாஸ் என்ற மூன்றில் ஒன்று முன்னால் நிற்கும்: ஆண்பால், பெண்பால், பொதுப்பால். நமக்கு இது விசித்திரமாகப் படும். தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்து வருவது. மேசையும் கரண்டியும் அஃறிணை, அத்தோடு முடிந்தது. ஜெர்மனிலோ தலை ஆண்பால், டேர் கொப்ஃப். கை பெண்பால், டீ ஹான்ட். கண் பொதுப்பால், டாஸ் ஔகெ. ஓர் உடம்பிலேயே மூன்றும் இருக்கின்றன. இதில் காரணம் தேடிப் பயனில்லை. 'கொப்ஃப்' என்று படித்துவிட்டு அதன் பாலைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால், அந்தப் பிறகு வருவதே இல்லை. அட்டையில் முதல் நாளே 'டேர் கொப்ஃப்' என்று ஒரே சொல்லாக எழுதுங்கள். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, பொதுப்பாலுக்குப் பச்சை என்று மையையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

நீளமான ஜெர்மன் சொற்களைக் கண்டு திகைப்பவர்களுக்கு நெய்வேலியே நல்ல பாடப்புத்தகம். நேரு 1957 மே 20 அன்று தொடங்கிவைத்த முதல் சுரங்கத்தில் மண்ணைச் சுரண்டிக் கரியை எடுக்க ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத இயந்திரங்கள் இறங்கின. நம் ஊரில் எல்லோரும் 'பக்கெட் வீல்' என்று சொல்வதை ஜெர்மானியர் ஷௌஃபல்ராட்பாகர் என்பார்கள். ஷௌஃபல் மண்வாரி, ராட் சக்கரம், பாகர் தோண்டும் எந்திரம். பழுப்பு நிலக்கரி பிரௌன்கோலெ: பிரௌன் பழுப்பு, கோலெ கரி. மருத்துவமனை கிராங்கன்ஹௌஸ்: நோயுற்றவர்களின் வீடு. ஆம்புலன்ஸ் கிராங்கன்வாகன்: நோயுற்றவர்களின் வண்டி. கையுறை ஹான்ட்ஷூ: கைக்கு ஷூ. தொகைச் சொல்லைப் பிரித்துப் படித்தே வளர்ந்த நமக்கு இது பழக்கமான வேலைதான். பால் மட்டும் கடைசிச் சொல்லைப் பொறுத்தது என்பதை நினைவில் வையுங்கள்: ஹௌஸ் பொதுப்பால் என்பதால் கிராங்கன்ஹௌஸும் பொதுப்பால், டாஸ்.

எண்ணும் நேரமும் தனிக் கவனம் கேட்பவை. இருபத்தொன்று என்பதை ஜெர்மானியர் ஒன்றும் இருபதும் என்று தலைகீழாகச் சொல்வார்கள். தொலைபேசி எண்ணை எழுதும்போது இது ஆளைத் தடுமாற வைக்கும். 'ஹால்ப் ஸீபன்' என்றால் சொல்லுக்குச் சொல் 'அரை ஏழு', ஆனால் பொருள் ஆறரை மணி. ஏழரை என்று எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனால் ஒரு மணி நேரம் தாமதம். அதனால் நேரத்தை வாரத்தின் முதல் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானியத்துக்கு வருவோம். எழுத்து கடினம் என்பது உண்மை: ஹிராகனா 46, கதகானா 46, அன்றாட வாசிப்புக்கென்று அரசு பட்டியலிட்ட காஞ்சி 2,136. ஆனால் வாக்கிய அமைப்பில் தமிழருக்குக் கிடைக்கும் சலுகை ஐரோப்பியருக்குக் கிடைக்காது. வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'சென்னை கரா தோக்கியோ மதே' என்றால் சென்னையிலிருந்து தோக்கியோ வரை. 'இகிமஸ்' போகிறேன், 'இகிமஸ் கா?' போகிறீர்களா? நம் 'ஆ' நிற்கும் இடத்தில் அவர்களுடைய 'கா'. சாப்பிட்டுப் பார் என்று நாம் சொல்வது போலவே 'தபெதெ மிரு' என்கிறார்கள். மிரு என்பது பார். கோரெ, ஸோரெ, ஆரெ, தோரெ என்ற நான்கும் இது, உது, அது, எது. 'உது' நம் பேச்சில் மறைந்துவிட்டாலும் யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்கிறார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இத்தகைய ஒற்றுமைகளை வைத்து இரு மொழிக்கும் உறவு உண்டென்று வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிப்பவருக்கு இந்த ஒற்றுமை பெரிய உதவி.

ஒலியிலும் அப்படியே. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்று பள்ளியில் படித்தோமே, ஜப்பானியமும் அப்படி அளந்துதான் பேசப்படுகிறது. 'ஒஜிஸன்' என்றால் மாமா வயதுக்காரர். 'ஒஜீஸன்' என்றால் தாத்தா. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கப் போகிறவருக்கு இந்த நெடில் முக்கியம். நம் காது அதைப் பிடித்துக்கொள்ளும்.

கவனம் வேண்டிய இடம், எண்ணும் முறை. மனிதரை ஒருவர், இருவர் என்றும் பொருளை ஒன்று, இரண்டு என்றும் நாம் பிரிக்கிறோம். அவர்கள் இன்னும் நிறையப் பிரிக்கிறார்கள். மனிதர் என்றால் ஹிதொரி, ஃபுதரி. தாள் போன்ற தட்டையான பொருள் என்றால் இச்சிமை, நிமை. பேனா போன்ற நீளமான பொருள் என்றால் இப்போன், நிஹோன். ஆகவே ஜெர்மன் அட்டையில் பாலை எழுதுவது போல, ஜப்பானிய அட்டையில் அந்தப் பொருளை எண்ணும் விகுதியை எழுதுங்கள்.

இரண்டு மொழிக்கும் நடுவில் ஒரு பாலமும் உண்டு. மெய்ஜி காலத்தில் ஜப்பான் நவீன மருத்துவத்தை ஜெர்மானியரிடம் கற்றது. அதனால் நோயாளியின் குறிப்பேடு அங்கே 'கருதெ', ஜெர்மனின் கார்ட்டெ. எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டு 'கிபுஸு', ஜெர்மனின் கிப்ஸ். வேலை என்று பொருள்படும் ஜெர்மனின் ஆர்பைட், ஜப்பானில் பகுதிநேர வேலையைக் குறிக்கும் 'அருபைதோ' ஆகிவிட்டது.

சொல்லை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வியைக் கடைசிக்கு வைத்தேன், அதுதான் மற்ற இரண்டையும் தாங்குகிறது என்பதால். பட்டியலின் முதல் எழுத்திலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் நாளிலிருந்து தொடங்குங்கள். காலையில் எழுந்தது, பல் துலக்கியது, பஸ் பிடித்தது, காய் வாங்கியது, அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது என்று நேற்று நீங்கள் செய்த பத்து வேலையைத் தமிழில் எழுதி, அவற்றுக்கு உரிய சொல்லையும் சிறு வாக்கியத்தையும் தேடுங்கள். செய்த வேலையோடு வந்த சொல், அந்த வேலையை மறுநாள் செய்யும்போது தானாகத் திரும்ப வரும். பிறகு, போகப்போகிற வேலையின் நாளை எழுதுங்கள். செவிலியர் என்றால் முதல் வாரத்திலேயே 'வோ டூட் எஸ் வே?' வேண்டும்: எங்கே வலிக்கிறது? ஜப்பானியத்தில் 'தோகோ கா இதாய் தெஸ் கா?' கேட்டால் மட்டும் போதாது, நோயாளி சொல்லப்போகும் பதிலும் காதுக்குத் தெரிய வேண்டும். ஆகவே தலை, வயிறு, முழங்கால், மார்பு என்ற உறுப்புச் சொற்கள் அடுத்து வரட்டும்.

சீகன்பால்க்குக்குப் பக்கத்தில் புலவர் இருந்தார். உங்களுக்கும் ஓர் ஆள் வேண்டும். வகுப்பில் கூடப் படிப்பவர் போதும். தினமும் மாலையில் கால் மணி நேரம், நீங்கள் எழுதிய பத்து வேலையை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் தம்முடையதைச் சொல்லட்டும். வள்ளலார் 1872-ல் இதே வடலூரில் தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் கற்பிக்க 'சன்மார்க்க போதினி' பாடசாலையைத் தொடங்கினார். பிறமொழி படிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. நாளைக் காலை ஏழு மணிக்குப் பழைய பத்து, எட்டு மணிக்குப் புதிய பத்து, மாலையில் அந்த இருபதையும் ஒருவரோடு பேசிப் பார்ப்பது. ஒரு நாளுக்கு அவ்வளவு சொல் போதும்.