விரைவு ரயிலும் நமது சரக்கும்

சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் இடையே பகல் நேர விரைவு ரயில்கள் பெருகிவருவதை அங்கத்தினர்கள் அறிவார்கள். எழும்பூர்–திருநெல்வேலி வந்தே பாரத் வண்டி 2023 செப்டம்பர் 24-இல் ஓடத் தொடங்கிற்று. 2024 ஆகஸ்ட் 31-இல் நாகர்கோவிலுக்கும் ஒன்று வந்தது. சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களிலெல்லாம் இது பற்றி இரண்டு கேள்விகள் நம்மிடம் கேட்கப்படுகின்றன. இன்னும் சில வண்டிகள் விட்டாலென்ன என்பது ஒன்று. சேலைக் கட்டை அவற்றிலேயே கொண்டுபோகலாமா என்பது மற்றொன்று.

வண்டி விடப் பெட்டிகள் மட்டும் போதா. பாதையில் இடம் வேண்டும். விழுப்புரத்துக்குத் தெற்கே நெடுங்காலம் ஒற்றைப் பாதையே இருந்தது. அதில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளுள் ஒன்று நிலையத்தில் ஒதுங்கி மற்றதற்கு வழிவிட வேண்டும். ஒரே தறியில் இரு நாடாக்கள் எதிரெதிராக ஓட முடியாதென்பதை நெசவாளருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இரட்டைப் பாதை அமைந்த பிறகே புதிய பகல் வண்டிகளுக்கு வசதி பிறந்தது. பாதையில் புதிய இடம் தேடாமல், ஓடும் வண்டியையே நீட்டுவதும் ஒரு வழி. 8 பெட்டிகளுடன் தொடங்கிய நெல்லை வண்டி 2025-இல் 16 பெட்டிகளாயிற்று.

ஆயினும் அவ்வண்டிகளில் பார்சல் பெட்டி கிடையாது. குளிர்வசதி இருக்கை வகுப்பில் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம் என்றதும் சிலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். அச்சலுகை பிரயாணியின் சொந்தச் சாமான்களுக்கே உரியது. விற்பனைச் சரக்கு எந்த ரயிலிலும் அதில் சேராது. நாமறிந்த ஒரு சங்கத்தின் இயக்குநர், பண்டிகை விற்பனைக்கான கட்டைத் தம் இருக்கைக்கு மேலேயே வைத்துச் சென்று, பரிசோதகரிடம் பல மடங்கு கட்டணம் செலுத்த நேர்ந்தது. அத்தொகையைச் சங்கச் செலவில் எழுத நாம் இணங்க முடியவில்லை. சங்கத்தின் நன்மைக்காகவே அலைந்த மனிதர், நமக்கும் வருத்தந்தான்.

ஆகவே ஆள் பகல் வண்டியில் போகட்டும். சரக்கு முன்னதாகவே சாதாரண எக்ஸ்பிரஸ் வண்டியின் சாமான் பெட்டியில் போகட்டும். பார்சல் அலுவலகத்தில் எடையிட்டுப் பதிவு செய்து, கட்டின் மீது சங்கத்தின் பெயரையும் சேருமிடத்தையும் தெளிவாக எழுதுக. ரசீதைச் சென்னையில் சரக்கை எடுப்பவரிடம் சேர்ப்பிக்க மறவாதீர்கள். பூவும் காய்கறியும் அனுப்பும் விவசாய அங்கத்தினர்களுக்கு இரவு வண்டிகளே ஏற்றவை. சிறு நிலையங்களில் வண்டி ஓரிரு நிமிடமே நிற்பதால் கட்டுகளை ஏற்ற நேரம் போதாது. அருகிலுள்ள பெரிய நிலையத்திலேயே பதிவு செய்வது நலம்.

ரயில்வேக்கு மகஜர் அனுப்பும் சங்கங்கள் விரைவு வண்டி நம் ஊரில் நிற்க வேண்டுமென்று மட்டும் எழுதுகின்றன. இரவு எக்ஸ்பிரஸில் சரக்கேற்ற இன்னும் மூன்று நிமிடம் வேண்டுமென்பதையும் அடுத்த மகஜரில் சேர்க்கலாம்.